ஒரே ஜோடி வயரில் இருபது எனர்ஜி மீட்டர்கள்: வோல்டேஜும் கரண்டும் படிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேனலில் எனர்ஜி மீட்டர்களை மாட்டி, அவற்றின் வோல்டேஜையும் கரண்டையும் கணினிக்கோ பிஎல்சிக்கோ (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) கொண்டுவரும் வேலையில் இருப்பவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்பவர்களில் ஒரு சாரார் எலெக்ட்ரீஷியன்கள். அவர்களுக்கு சிடி (பெரிய கரண்டை அளக்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர்) தெரியும், பைட் (எட்டு பிட் கொண்ட தரவுத் துண்டு; ஒரு பிட் என்பது ஒரு 0 அல்லது 1) தெரியாது. மறு சாரார் புரோகிராம் எழுதுபவர்கள். அவர்களுக்கு பைட் தெரியும், சிடி தெரியாது. இருவருக்கும் சேர்த்துத் தொகுத்தது இது. ஆர்எஸ்-485 வயரில் ஓடும் மோட்பஸ் ஆர்டியு பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன்.

ஆர்எஸ்-485, மோட்பஸ் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. ஆர்எஸ்-485 என்பது வயரைப் பற்றிய விதி: இரண்டு கம்பிகளுக்கு இடையே எவ்வளவு வோல்ட் வித்தியாசம் இருந்தால் 1, எவ்வளவு இருந்தால் 0 என்பதோடு அதன் வேலை முடிந்துவிடுகிறது. என்ன கேட்க வேண்டும், எப்படிப் பதில் சொல்ல வேண்டும் என்பது மோட்பஸ். மோடிகான் நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக 1979இல் வெளியிட்டது. ஆர்எஸ்-485 தரநிலை வந்தது அதற்குப் பிறகு, 1983இல்.

இந்தப் பிரிவினையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி நேரம் மிச்சம். பதிலே வரவில்லை என்றால் வயரையும் செட்டிங்கையும் பாருங்கள். பதில் வந்து எண் மட்டும் தவறாக இருந்தால் வயரைத் தொடவே வேண்டாம், மேனுவலைத் திறங்கள். தவறான எண் வரும்போது டெர்மினல்களை எல்லாம் கழற்றி மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

இரண்டே கம்பியில் இருபது மீட்டர் எப்படிப் பேசும்? மோதிக்கொள்ளாதா?

கேட்காமல் எந்த மீட்டரும் பேசாது. மாஸ்டர் ஒருவர் மட்டுமே கேள்வி கேட்பார். கேள்வியின் முதல் பைட்டில் யாருடைய முகவரி இருக்கிறதோ அந்த மீட்டர் மட்டும் பதில் சொல்லும். முகவரி 1 முதல் 247 வரை. 0 என்பது எல்லோருக்குமான கட்டளை, அதற்குப் பதில் வராது. (மாஸ்டர், ஸ்லேவ் என்ற பெயர்களை மோட்பஸ் அமைப்பு 2020இல் கைவிட்டு கிளையன்ட், சர்வர் என்று மாற்றிவிட்டது. பேனல் அருகே நிற்பவர்கள் இன்னும் பழைய பெயரில்தான் பேசுகிறார்கள். நானும் அதையே எழுதுகிறேன்.)

மோதல் வருவது ஒரே முகவரியில் இரண்டு மீட்டர்கள் இருக்கும்போதுதான். புது மீட்டர்கள் பல 1 என்ற முகவரியோடுதான் பெட்டியிலிருந்து வெளியே வருகின்றன. ஒவ்வொன்றாக முகவரியை மாற்றிய பிறகே லைனில் சேருங்கள்.

ஏ, பி எது எது? மாற்றிக் கொடுத்தால் மீட்டர் எரிந்துவிடுமா?

எரியாது, பேசாது, அவ்வளவுதான். மீண்டும் மாற்றிக் கொடுத்தால் பேசும். எரிவது அந்த டெர்மினலில் தவறி 230 வோல்ட் ஏறினால்தான்.

இந்தக் குழப்பத்துக்குக் காரணம் நீங்கள் அல்ல. லைன் ஓய்வில் இருக்கும்போது ஏ கம்பி, பி கம்பியைவிட நெகட்டிவாக இருக்க வேண்டும் என்கிறது தரநிலை. மேக்ஸ்485 போன்ற புகழ்பெற்ற சிப்களில் ஏ என்ற கால்தான் பாசிட்டிவ். மீட்டர் தயாரிப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆகவே எழுத்தை நம்பாதீர்கள். டி+, டி- என்று போட்டிருந்தால் அதைப் பின்பற்றுங்கள், இல்லையென்றால் ஒரே ஒரு மீட்டரை வைத்து இரு விதமாகவும் சோதித்துப் பாருங்கள்.

ஒவ்வொரு மீட்டருக்கும் கண்ட்ரோல் ரூமிலிருந்து தனி வயர் இழுத்து ஒரே இடத்தில் சேர்த்தால் என்ன?

சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. லைன் ஒரு மீட்டரிலிருந்து அடுத்த மீட்டருக்கு, அங்கிருந்து அடுத்ததற்கு என்று ஒரே கோடாகச் செல்ல வேண்டும். அந்தக் கோட்டின் இரண்டு கடைசி முனைகளில் மட்டும் தலா 120 ஓம் ரெசிஸ்டர். முனையில் போய் மோதித் திரும்பும் சிக்னலை அடக்குவதற்காக அது. பல முனைகள் பிரிந்து போனால் எந்த முனையில் ரெசிஸ்டர் போடுவீர்கள்?

எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிட்டு மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே அளந்து பாருங்கள். சுமார் 60 ஓம் வந்தால் இரண்டு ரெசிஸ்டரும் இருக்கின்றன. 120 என்றால் ஒன்றுதான் இருக்கிறது. 40 என்றால் நடுவில் யாரோ மூன்றாவதாக ஒன்றைப் போட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் ஏதோ ஒரு கன்வெர்ட்டருக்குள் (லைனைக் கணினியோடு இணைக்கும் கருவி) இருக்கும் சிறு சுவிட்ச் ஆன் நிலையில் விடப்பட்டிருக்கும்.

என் லைன் மொத்தமே இருபது மீட்டர் நீளம். அதற்கும் 120 ஓம் தேவையா?

9600 பாட் (விநாடிக்கு 9600 பிட்) வேகத்தில் அந்த நீளத்துக்கு இல்லாமலும் ஓடும். நீளமான லைனில், 1200 மீட்டர் வரை போகும் லைனில், கட்டாயம் வேண்டும்.

ஆனால் ரெசிஸ்டர் போட்ட பிறகு வேறொரு சங்கடம் முளைக்கலாம். யாரும் பேசாத நேரத்தில் இரண்டு கம்பிகளும் ஏறக்குறைய ஒரே வோல்ட்டில் வந்து நிற்கும். 200 மில்லிவோல்ட்டுக்குக் குறைவான வித்தியாசத்தை ரிசீவர் 1 என்றும் எடுத்துக்கொள்ளலாம், 0 என்றும் எடுத்துக்கொள்ளலாம். இல்லாத பைட்டுகள் முளைப்பது அப்படித்தான். ஒரு கம்பியை 5 வோல்ட்டுக்கும் மற்றதைக் கிரவுண்டுக்கும் தலா 560 ஓம் வழியாக இழுத்துக் கட்டினால், 60 ஓம் லைனின் குறுக்கே சுமார் 250 மில்லிவோல்ட் நிற்கும், பிரச்சினை தீரும். இதை லைனில் ஒரே ஓர் இடத்தில், பொதுவாக மாஸ்டர் பக்கத்தில், செய்தால் போதும்.

கேபிளின் ஷீல்டை (கம்பிகளைச் சுற்றியுள்ள உலோக உறை) இரண்டு பக்கமும் எர்த் செய்யலாமா?

ஒரு பக்கம் மட்டும். இரண்டு பக்கமும் கட்டினால், இரு பேனல்களின் எர்த்துக்கு இடையே உள்ள வோல்ட் வித்தியாசம் ஷீல்டு வழியே கரண்டாக ஓட ஆரம்பித்துவிடும்.

எர்த்தைவிட மறக்கப்படுவது மூன்றாவது கம்பி. ஆர்எஸ்-485க்கு இரண்டு கம்பி போதும் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் கிரவுண்டுக்கு ஒரு கம்பியும் கூடவே போக வேண்டும். ரிசீவர் தன் கிரவுண்டிலிருந்து -7 வோல்ட் முதல் +12 வோல்ட் வரைதான் தாங்கும். ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு லைன் போகும்போது இந்த எல்லை எளிதில் தாண்டிப் போகும். அங்கே ஐசொலேட்டட் கன்வெர்ட்டர் (இரு பக்கத்துக்கும் நேரடி மின் தொடர்பு இல்லாதது) வாங்குவது செலவல்ல. விஎஃப்டி (மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ்) இருக்கும் இடத்தில் அதன் மோட்டார் கேபிளும் இந்த வயரும் ஒரே டிரேயில் போகக்கூடாது. வழியே இல்லையென்றால் குறுக்காக மட்டும் கடக்கட்டும்.

வயர் சரியாக இருக்கிறது, 60 ஓம் காட்டுகிறது. ஆனாலும் பதில் இல்லையே?

பாட் வேகம், பாரிட்டி (பிழை பார்க்கச் சேர்க்கும் ஒரு பிட்), ஸ்டாப் பிட் (ஒவ்வொரு பைட்டின் முடிவைக் காட்டும் பிட்), முகவரி நான்கும் மீட்டரின் மெனுவில் என்ன இருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். பாரிட்டி ஈவன் என்பதே மோட்பஸ் விதிப்படி இயல்பு நிலை. பாரிட்டி இல்லையென்றால் இரண்டு ஸ்டாப் பிட் இருக்க வேண்டும். சந்தையில் இருப்பதோ பெரும்பாலும் 9600, பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். விதியை நம்பி செட் செய்தவர்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்.

மீட்டரில் 230.2 என்று அழகாகத் தெரிகிறது. கணினியில் 17254 வருகிறது. இது என்ன எண்?

மகிழ்ச்சியடையுங்கள். வயர், வேகம், முகவரி எல்லாம் சரி. இனி எண்ணைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

மோட்பஸில் ஒரு ரெஜிஸ்டர், அதாவது மீட்டர் தன் எண்ணை வைக்கும் ஒரு கட்டம், 16 பிட்தான். அதில் 0 முதல் 65535 வரை முழு எண்தான் அடங்கும். 230.2 போன்ற தசம எண்ணைப் பல மீட்டர்கள் 32 பிட் ஃப்ளோட்டாக (தசம எண்ணைக் குறிக்கும் வடிவம்), இரண்டு ரெஜிஸ்டர்களில் பிரித்துத் தருகின்றன. ஈஸ்ட்ரான் எஸ்டிஎம்630 மீட்டரை எடுத்துக்கொள்வோம். முதல் ஃபேஸ் வோல்டேஜ் கேட்க, ஹெக்ஸில் (பதினாறு அடிமான எண்முறை) 01 04 00 00 00 02 என்று அனுப்புகிறோம்: முகவரி 1, ஃபங்ஷன் 4, தொடக்க ரெஜிஸ்டர் 0, இரண்டு ரெஜிஸ்டர் வேண்டும்; கடைசியில் பிழை கண்டுபிடிக்க இரண்டு சிஆர்சி பைட்டுகள். பதில் 01 04 04 43 66 33 34, மீண்டும் சிஆர்சி. மூன்றாவது பைட்டான 04, பின்னால் நான்கு பைட் தரவு வருகிறது என்கிறது. அந்த 43 66 33 34ஐ ஒரே ஃப்ளோட்டாகப் படித்தால் 230.2.

உங்கள் மென்பொருள் முதல் இரண்டு பைட்டான 43 66ஐ மட்டும் முழு எண்ணாகப் படித்திருக்கிறது. அதன் மதிப்பு 17254. அடுத்த ரெஜிஸ்டரைப் பார்த்தால் 13108 இருக்கும். டேட்டா டைப்பை ஃப்ளோட் என்று மாற்றுங்கள்.

ஃப்ளோட் என்று மாற்றிவிட்டேன். இப்போது 0.00000004 வருகிறதே?

இரண்டு ரெஜிஸ்டர்களும் வரிசை மாறி ஒட்டியிருக்கின்றன. மேலே சொன்ன அதே பைட்டுகளை 33 34 43 66 என்று படித்தால் கிடைப்பது அந்தப் பொடி எண்தான். மென்பொருளில் வேர்டு ஸ்வாப் என்றோ வேர்டு ஆர்டர் என்றோ ஒரு தேர்வு இருக்கும், மாற்றுங்கள். பூஜ்யத்துக்கு மிக அருகிலோ, நம்பவே முடியாத அளவு பெரிதாகவோ எண் வந்தால் முதல் சந்தேகம் வரிசை மீதுதான் விழ வேண்டும்.

மோட்பஸ் விதி ஒரு ரெஜிஸ்டருக்குள் பெரிய பைட் முதலில் என்று தெளிவாகச் சொல்கிறது. இரண்டு ரெஜிஸ்டர்களைச் சேர்க்கும்போது எது முதலில் என்று சொல்லவே இல்லை. அந்த மௌனத்துக்கு நாம் எல்லோரும் இன்றுவரை விலை கொடுக்கிறோம்.

எனக்கு 2304 வருகிறது. இதுவும் ஃப்ளோட் சிக்கலா?

இல்லை, பத்தால் வகுங்கள். 230.4 வோல்ட். சில மீட்டர்கள் ஃப்ளோட்டைத் தொடாமல், பெருக்கிய முழு எண்ணாகத் தருகின்றன. மலிவாகக் கிடைக்கும் பிசெம்-004டி வோல்டேஜை 0.1 வோல்ட் படியாக ஒரே ரெஜிஸ்டரில் தருகிறது, கரண்டை 0.001 ஆம்பியர் படியாக இரண்டு ரெஜிஸ்டரில், அதுவும் சிறிய பாதி முதலில் வருமாறு தருகிறது. எஸ்டிஎம்630க்கு நேர் எதிர் வரிசை. அந்தப் பலகையின் தொடர்பு முனை ஆர்எஸ்-485 அல்ல, டிடிஎல் (சிப்புகள் தமக்குள் பேசும் குறைந்த வோல்ட் சிக்னல்); நேராக இந்த லைனில் கட்ட முடியாது என்பதையும் வாங்கும் முன் கவனியுங்கள்.

மேனுவலில் 30001 என்று இருக்கிறது. 30001 என்று கேட்டால் பிழை வருகிறது.

முதல் இலக்கமான 3, எந்த வகை ரெஜிஸ்டர் என்பதற்கான அடையாளம் மட்டுமே: 3 என்றால் இன்புட் ரெஜிஸ்டர், ஃபங்ஷன் 4இல் கேட்க வேண்டும், 4 என்றால் ஹோல்டிங் ரெஜிஸ்டர், ஃபங்ஷன் 3. ஆம், எண்கள் குறுக்கே மாறித்தான் இருக்கின்றன. மீதியிலிருந்து ஒன்றைக் கழித்தால் வயரில் போக வேண்டிய எண். 30001 என்பது 0. 30007 என்பது 6.

சில மென்பொருள்கள் அந்த ஒன்றைத் தாமே கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. பதிலில் பிழைக் குறி 02 வந்தால் அந்த ரெஜிஸ்டர் மீட்டரில் இல்லை என்று பொருள். 01 வந்தால் ஃபங்ஷனையே அது ஏற்கவில்லை. பிழைக் குறி வருவதும் ஒரு பதில்தான், லைன் நன்றாக இருக்கிறது என்பதற்குச் சான்று.

ஒரு ஃபேஸில் மட்டும் பவர் 65436 என்று காட்டுகிறது. மீட்டர் போய்விட்டதா?

அந்த எண் -100. குறியுள்ள எண்ணைக் குறியில்லாததாகப் படித்திருக்கிறீர்கள்; 65536ஐக் கழித்துப் பாருங்கள். டைப்பை மாற்றியதும் நெகட்டிவ் பவர் தெரியும். சோலாரோ ஜெனரேட்டரோ இல்லாத இடத்தில் ஒரு ஃபேஸ் மட்டும் நெகட்டிவ் என்றால் அந்த சிடி திரும்பி மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது ஆர் ஃபேஸ் சிடி ஒய் ஃபேஸ் வோல்டேஜோடு ஜோடி சேர்ந்திருக்கிறது. கரண்டின் எண்ணில் இந்தத் தவறு தெரியவே தெரியாது, பவரில்தான் தெரியும்.

சிடியைத் திருப்பும் முன் ஒன்று. லோடு ஓடும்போது சிடியின் எஸ்1, எஸ்2 வயரை (செகண்டரியின் இரு முனைகள்) கழற்றாதீர்கள். செகண்டரி திறந்த நிலையில் ஆளைக் கொல்லும் அளவு வோல்டேஜ் அங்கே எழும். சப்ளையை நிறுத்துங்கள், அல்லது அந்த இரு முனைகளையும் இணைக்கும் ஷார்ட்டிங் லிங்க்கைப் போட்டுவிட்டுத் தொடுங்கள்.

கிளாம்ப் மீட்டரில் (கம்பியைச் சுற்றிப் பிடித்து கரண்ட் அளப்பது) 84 ஆம்பியர். கணினியில் 4.2, பிறகு யாரோ எதையோ மாற்றியதும் 1680. எப்படி?

100/5 சிடி, அதாவது 100 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைப்பது, விகிதம் 20. எந்த இடத்திலும் பெருக்கவில்லை என்றால் 4.2, மீட்டரும் பெருக்கி மென்பொருளும் பெருக்கினால் 1680. சிடி விகிதத்தை மீட்டரில் மட்டும் போடுங்கள், மென்பொருளில் 1 என்றே விட்டுவிடுங்கள். அப்போது பேனல் முன்னால் நிற்பவரும் கணினி முன்னால் இருப்பவரும் ஒரே எண்ணைப் பார்ப்பார்கள்.

இரவில் லோடு குறைவு. அப்போது கரண்ட் கிளாம்ப் மீட்டரோடு ஒத்துப்போவதில்லை.

200/5 சிடியில் 10 ஆம்பியர் ஓடுகிறது என்றால் அது அதன் திறனில் 5 சதவீதம். கிளாஸ் 1 சிடிக்கு முழு லோடில் 1 சதவீதப் பிழை அனுமதி. 20 சதவீத லோடில் 1.5, 5 சதவீதத்தில் 3. அதற்கும் கீழே உத்தரவாதமே கிடையாது. சிடியை வருங்கால விரிவாக்கத்துக்கு என்று பெரிதாக வாங்குவது நம் ஊர் வழக்கம். அதன் பலன் இது. சிறிய லோடாகவே இருக்கப்போகிறது என்றால், கேபிளை சிடிக்குள் இரண்டு முறை நுழைத்தால் 200/5 சிடி 100/5 ஆக வேலை செய்யும். விகிதத்தை மீட்டரிலும் மாற்ற மறக்காதீர்கள்.

415 வர வேண்டிய இடத்தில் 240 வருகிறது.

ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையிலான ரெஜிஸ்டரைப் படிக்கிறீர்கள். ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையிலானது வேறு ரெஜிஸ்டர். ஒன்றை 1.732ஆல் பெருக்கி மற்றதாக்குவது மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால்தான் சரி.

என்னிடம் இருப்பது மோட்பஸ் மீட்டர் இல்லை, 4-20 மில்லிஆம்பியர் டிரான்ஸ்டியூசர் (அளவை 4 முதல் 20 மில்லிஆம்பியர் சிக்னலாக மாற்றித் தருவது). அதை இந்த லைனில் சேர்க்க முடியுமா?

அனலாக் இன்புட் மாடியூல் ஒன்று நடுவில் வேண்டும். அதற்கு மோட்பஸ் முகவரி இருக்கும். டிரான்ஸ்டியூசரின் எல்லை 0 முதல் 100 ஆம்பியர் என்றால், வந்த மில்லிஆம்பியரில் 4ஐக் கழித்து, 16ஆல் வகுத்து, 100ஆல் பெருக்குங்கள். 12 மில்லிஆம்பியர் என்றால் 50 ஆம்பியர். பூஜ்யத்துக்கு 4 என்று வைத்திருப்பதில்தான் சூட்சுமம்: 0 வந்தால் வயர் அறுந்திருக்கிறது. கணக்கு -25 ஆம்பியர் என்று காட்டும். அதைப் பூஜ்யமாக்கி மறைக்கும் புரோகிராம்களைப் பார்த்திருக்கிறேன். அலாரம் அடிக்க வேண்டிய இடம் அது.

இருபது மீட்டரையும் ஒரு சுற்று படிக்க எட்டு விநாடிக்கு மேல் ஆகிறது. பாட் வேகத்தைக் கூட்டட்டுமா?

முதலில் கேள்விகளைக் குறையுங்கள். எஸ்டிஎம்630இல் மூன்று வோல்டேஜும் மூன்று கரண்டும் ரெஜிஸ்டர் 0 முதல் 11 வரை அடுத்தடுத்து இருக்கின்றன. ஆறு தனிக் கேள்விகள் கேட்டால், மீட்டர் பதில் சொல்ல 50 மில்லிவிநாடி எடுக்கும் என்று வைத்துக்கொண்டால், 9600 வேகத்தில் ஒரு மீட்டருக்கு சுமார் 430 மில்லிவிநாடி. இருபதுக்கு எட்டரை விநாடி. பன்னிரண்டு ரெஜிஸ்டரையும் ஒரே கேள்வியில் கேட்டால் ஒரு மீட்டருக்கு சுமார் 93. இருபதும் இரண்டு விநாடிக்குள் முடியும். ஒரே கேள்வியில் 125 ரெஜிஸ்டர் வரை கேட்கலாம். சில மீட்டர்கள் அதைவிடக் குறைவாகவே அனுமதிக்கும்.

அதற்குப் பிறகு வேகத்தை 19200 ஆக்கினால் 93 என்பது 71தான் ஆகும், பாதியாகாது. மீட்டர் யோசிக்கும் நேரம் அப்படியே இருக்கிறது.

ஒரு மீட்டரை ஆஃப் செய்தால் மற்ற எல்லாமும் மந்தமாகிவிடுகின்றன.

டைமவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம்) 1 விநாடி, மூன்று முறை முயற்சி என்று வைத்திருப்பீர்கள். இறந்த மீட்டர் ஒன்று ஒவ்வொரு சுற்றிலும் மூன்று விநாடியை விழுங்குகிறது. டைமவுட்டை 200 அல்லது 300 மில்லிவிநாடிக்குக் குறையுங்கள்; பதில் தராத மீட்டரை நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் விசாரிக்கும்படி எழுதுங்கள். திரையில் அதன் பழைய எண்ணை விட்டுவைக்காதீர்கள்: நின்றுபோன மோட்டாருக்கு எதிரே 84 ஆம்பியர் நிற்பது, கோடு போட்டுக் காட்டுவதைவிட மோசம்.

மெயின் மீட்டரின் கரண்டும் கிளை மீட்டர்களின் கூட்டுத்தொகையும் ஒருபோதும் சமமாக இல்லை. எந்த மீட்டர் பொய் சொல்கிறது?

எதுவும் பொய் சொல்லாமல் இருக்கலாம். முதலாவது, ஒரே நொடியில் படித்தவை அல்ல அவை. முதல் மீட்டருக்கும் கடைசி மீட்டருக்கும் இடையே மேலே சொன்ன அந்தச் சுற்று நேரம் இருக்கிறது. இரண்டாவது, கரண்டுகளை எண்களாகக் கூட்டுவதே தவறு. ஹீட்டர் ஒன்று 30 ஆம்பியர், பவர் ஃபேக்டர் குறைந்த மோட்டார் ஒன்று 40 ஆம்பியர் எடுத்தால் மெயினில் 70 வராது, குறைவாகத்தான் வரும். இரண்டின் அலைகளும் ஒரே நேரத்தில் உச்சத்தைத் தொடுவதில்லை. மூன்றாவது, இரவு லோடு பற்றிய கேள்வியில் சொன்ன சிடி பிழை.

சரிபார்க்க வேண்டுமென்றால் கிலோவாட்டைக் கூட்டிப் பாருங்கள். அதைவிட நல்லது, ஒரு நாளின் யூனிட்டைக் கூட்டிப் பார்ப்பது.

பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது விளக்கு மங்குகிறது. பதிவில் வோல்டேஜ் சரிவே இல்லை.

50 ஹெர்ட்ஸில் ஒரு சைக்கிள் 20 மில்லிவிநாடி. மீட்டர் பல சைக்கிள்களின் சராசரியைக் கணக்கிட்டு ரெஜிஸ்டரில் வைக்கிறது. நீங்கள் இரண்டு விநாடிக்கு ஒருமுறை எட்டிப் பார்க்கிறீர்கள். நடுவில் நடந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்? குறைந்தபட்ச வோல்டேஜைத் தானே பதிந்து வைக்கும் மீட்டர் என்றால் அந்த ரெஜிஸ்டரைப் படியுங்கள். இல்லையென்றால் இது பவர் குவாலிட்டி அனலைசரின் வேலை. இந்த லைனை எவ்வளவு வேகப்படுத்தினாலும் பிடிபடாது.

எப்போதாவது ஒருமுறை யூனிட் 65,536 கூடி, அடுத்த முறை சரியாகிவிடுகிறது. சத்தமா, இடியா?

இரைச்சலால் கெட்ட பதிலை சிஆர்சி தடுத்துவிடும். இவ்வளவு துல்லியமான எண்ணை இரைச்சல் தராது. 32 பிட் எண்ணின் இரண்டு பாதிகளையும் தனித்தனிக் கேள்விகளில் படிக்கிறீர்கள். சிறிய பாதியைப் படித்தபோது 65535. அடுத்த கேள்வி போவதற்குள் மீட்டர் ஒரு யூனிட் ஏறி, சிறிய பாதி 0, பெரிய பாதி 1 ஆகிவிட்டது. நீங்கள் பழைய 65535ஐயும் புதிய 1ஐயும் ஒட்டுகிறீர்கள்: 131071. இரண்டையும் ஒரே கேள்வியில் படியுங்கள்.

பிஎல்சியும் படிக்க வேண்டும், கணினியும் படிக்க வேண்டும். இரண்டையும் லைனில் கட்டலாமா?

கூடாது. இரண்டு மாஸ்டர்கள் ஒரே நேரத்தில் பேசினால் இருவர் கேள்வியும் கெடும். சோதனையில் ஓடுவதுபோலத் தெரியும், லோடு கூடியதும் விழும். மோட்பஸ் டிசிபி கேட்வே (நெட்வொர்க்குக்கும் இந்த லைனுக்கும் இடையே நிற்கும் கருவி) ஒன்றை லைனின் ஒரே மாஸ்டராக வையுங்கள். பிஎல்சியும் கணினியும் நெட்வொர்க்கில் 502ஆம் போர்ட் வழியாக அதனிடம் கேட்கட்டும். கேட்வே கேள்விகளை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக லைனில் விடும். லைனின் வேகம் அதே 9600தான் என்பதால், இருவரும் ஒரே மீட்டரை இருமுறை கேட்கும்போது சுற்று நேரம் இரட்டிப்பாகும். அது பொறுக்கவில்லை என்றால் பிஎல்சி மட்டும் மீட்டர்களைப் படிக்கட்டும். கணினி பிஎல்சியின் நினைவகத்திலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்.